சேலரிக்குள் உப்பு இருக்கிறது, படைவீரன் கையில் இருந்ததா?

கேள்வி இதுதான்: "ரோமானியப் படைவீரர்களுக்கு அந்தக் காலத்தில் உப்பையே கூலியாகக் கொடுத்தார்கள், அதனால்தான் ஆங்கிலத்தில் சேலரி என்ற சொல் வந்தது என்று அலுவலகப் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். நம் சம்பளமும் சம்பா நெல்லும் அளமும் (அதாவது உப்பும்) சேர்ந்த சொல்தான், ஆக உலகம் முழுக்க முதல் சம்பளம் உப்புதான் என்றும் சொன்னார்கள். இது எவ்வளவு தூரம் உண்மை?"

சேலரி என்ற சொல்லுக்குள் உப்பு இருப்பது உண்மை. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ரோமானியப் படைவீரன் மாதக் கடைசியில் உப்பு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பாசறைக்குத் திரும்பினான் என்று எந்தப் பழைய ஆசிரியரும் எழுதி வைக்கவில்லை. அவனுக்குக் கிடைத்தது காசு. அந்தக் காசுக்கு அவர்கள் வைத்திருந்த பெயரும் வேறு. சம்பளத்தின் கதை தனி, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நானும் பல ஆண்டுகள் இந்த உப்புக் கதையை அப்படியே நம்பியவன். நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். பிறகு ஒருநாள் மூல நூல்களில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று தேடிப் போனபோதுதான் அப்படி ஒரு வரியே இல்லை என்று தெரிந்தது. தேடும் வழியில் கிடைத்தவை அந்தக் கதையைவிடச் சுவையானவை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சொல் வந்த வழி. லத்தீனில் உப்புக்கு 'சால்' என்று பெயர். 'உப்பைச் சார்ந்த' என்ற பொருளில் அதிலிருந்து ஒரு பெயரடை பிறந்தது, அந்தப் பெயரடையிலிருந்து 'சலாரியம்' என்ற பெயர்ச்சொல் வந்தது. ரோமானியப் பேரரசின் காலத்தில் சலாரியம் என்றால் ஒருவருக்கு முறையாகக் கொடுக்கும் உதவித்தொகை அல்லது ஊதியம். அது பழைய பிரெஞ்சில் 'சலேர்' ஆனது. நார்மானியர்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த பிரெஞ்சின் வழியாக 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சேலரியாக உட்கார்ந்துவிட்டது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இன்றும் 'சலாரியோ' என்றுதான் சொல்கிறார்கள். இந்தப் பாதையில் எந்த ஓட்டையும் இல்லை. ஆங்கிலத்தின் 'சால்ட்' லத்தீனிலிருந்து வாங்கிய சொல் கிடையாது, அது ஆங்கிலத்தின் சொந்தச் சொல். லத்தீன் சாலும் ஆங்கில சால்ட்டும் ஒரே பாட்டியின் பேத்திகள் என்று சொல்லலாம்.

ஆக வேர் உப்புதான். அந்த வேரிலிருந்து ஊதியம் என்ற பொருள் எப்படி முளைத்தது என்பதுதான் கேள்வி.

இதைப் பற்றி வாய் திறக்கும் பழைய சாட்சி என்று பார்த்தால் மூத்த பிளினியைத்தான் சொல்ல வேண்டும். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தாரே, அவர்தான். அவருடைய 'இயற்கை வரலாறு' 37 பாகங்கள் கொண்ட பெரிய களஞ்சியம். அதில் 31ஆம் பாகத்தில் உப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறார். உப்பில்லாமல் நாகரிக வாழ்க்கையே இல்லை, நகைச்சுவைக்கும் நயத்துக்கும்கூட லத்தீனில் உப்பு என்றே பெயர் என்கிறார். அடுத்துத்தான் நமக்கு வேண்டிய வாக்கியம் வருகிறது. அதன் சாரம் இது: பதவிகளிலும் படைப்பணியிலும்கூட உப்புக்கு இடம் உண்டு, சலாரியம் என்ற பெயர் அதிலிருந்து வந்தது, முன்னோர் உப்பைப் பெரிதாக மதித்தார்கள், அதற்குச் சபீனர் நாட்டுக்கு உப்புப் போன சலாரியச் சாலையின் பெயரே அடையாளம்.

அவ்வளவுதான். திரும்பத் திரும்பப் படித்துப் பாருங்கள். வீரர்களுக்கு உப்பைக் கொடுத்தார்கள் என்று அதில் இல்லை. உப்பு வாங்கக் காசு கொடுத்தார்கள் என்றும் இல்லை. சலாரியம் என்ற சொல்லுக்கு உப்போடு உறவு உண்டு என்பதை மட்டும் சொல்கிறார். அதுவும் தன் காலத்து நடைமுறையைச் சொல்வது போல இல்லை, முன்னோர் காலத்துப் பெருமையைச் சொல்வது போல இருக்கிறது. தன் காலத்தில் படைவீரர்கள் உப்பு வாங்கிக்கொண்டிருந்தால் பிளினி அதை எழுதாமல் விட்டிருப்பாரா? அவரே குதிரைப்படையில் அதிகாரியாக இருந்தவர், இறக்கும்போது மிசேனம் கடற்படையின் தளபதி. ஊதியப் பட்டியல் அவர் கைக்கு வராத நாள் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு செய்தியும் தருகிறார். ரோமின் நான்காம் அரசர் ஆங்கஸ் மார்சியஸ் மக்களுக்கு 6,000 மோடியஸ் உப்பை இலவசமாக வழங்கினார், உப்பளங்களை முதலில் அமைத்தவரும் அவரே என்பது அந்தச் செய்தி. மோடியஸ் என்பது நம் மரக்கால் மாதிரி ஒரு முகத்தல் அளவை, சுமார் எட்டே முக்கால் லிட்டர். டைபர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஆஸ்டியா ஊரை நிறுவியதும் இந்த அரசர்தான் என்கிறார் வரலாற்றாசிரியர் லிவி. உப்பு அங்கே விளைந்து, ரோம் வழியாக, மலைநாட்டுச் சபீனர்களுக்குப் போனது. அந்த வழிதான் சலாரியச் சாலை. பின்னாளில் அதை ஏட்ரியாட்டிக் கடற்கரைவரை நீட்டினார்கள். இத்தாலியின் 4ஆம் எண் அரசுச் சாலைக்கு இன்றும் சலாரியா என்றுதான் பெயர். ரோம் நகரம் ஆற்றங்கரையில் அந்த இடத்தில் வளர்ந்ததற்கு உப்பு வழியும் ஒரு காரணம் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. உப்புக்கு ரோமில் இருந்த மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. பிளினி சொன்னதற்கும் நாம் சொல்வதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதைத்தான் காட்டுகிறேன்.

அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு பாலம் வேண்டியிருந்தது. அதைப் போட்டவர்கள் அகராதிக்காரர்கள். 1879இல் வெளிவந்த லூயிஸ், ஷார்ட் இருவரின் லத்தீன் அகராதி இன்றும் மாணவர்கள் புரட்டும் புத்தகம். அதில் சலாரியம் என்ற சொல்லின் கீழ், 'பணம்' என்ற சொல் தொக்கி நிற்பதாகக் கொண்டு, முதலில் வீரர்களுக்கு உப்புக்காகக் கொடுத்த பணம், அதாவது உப்புக்காசு, பிறகு பொதுவாக ஊதியம் என்று விளக்கம் இருக்கிறது. தொக்கி நிற்பதாகச் சொன்ன அந்தப் 'பணம்' எந்தப் பழைய நூலிலும் சலாரியத்தோடு சேர்ந்து வருவதில்லை. அது அகராதியை எழுதியவர்களின் ஊகம். நல்ல ஊகம்தான். ஆனால் அகராதியில் ஏறிவிட்டால் ஊகத்துக்கும் உண்மையின் தோற்றம் வந்துவிடுகிறது. அங்கிருந்து ஒரு படி இறங்கியதும் 'உப்புக்கான பணம்' என்பதில் பணம் உதிர்ந்து உப்பு மட்டும் மிஞ்சியது. பயிற்சி வகுப்பில் உங்களுக்குக் கிடைத்தது அந்த மிச்சம்.

நல்ல ஊகம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், லத்தீனில் இதே அச்சில் வார்த்த சொற்கள் ஒரு கூட்டமாகவே இருக்கின்றன. ஆடை என்ற சொல்லிலிருந்து வெஸ்டியாரியம், ஆடைக்கான படி. செருப்பு என்ற சொல்லிலிருந்து கல்சியாரியம், செருப்புக்காசு. ஆணி என்ற சொல்லிலிருந்து கிளவாரியம். வீரர்களின் செருப்புக்கு அடியில் அடிக்கும் ஆணிக்கான காசு அது. கி.பி. 69இன் உள்நாட்டுப் போரில் வீரர்கள் இந்த ஆணிக்காசைக் கேட்டதாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார், அது ஒருவகை அன்பளிப்பின் பெயர் என்றும் விளக்குகிறார். யாரும் அவர்களுக்கு ஆணியை எண்ணிக் கொடுக்கவில்லை.

செருப்புக்காசைப் பற்றி ஒரு சம்பவமே இருக்கிறது. ஆஸ்டியாவிலிருந்தும் புட்டியோலியிலிருந்தும் ரோமுக்கு முறைவைத்து நடந்தே வந்துபோன கடற்படை வீரர்கள், செருப்புத் தேய்கிறது, கல்சியாரியம் என்று ஏதாவது போட்டுக் கொடுங்கள் என்று பேரரசர் வெஸ்பாசியனிடம் கேட்டார்கள். கஞ்சத்தனத்துக்குப் பேர்போனவர் அவர். இனிமேல் வெறுங்காலோடு ஓடுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டார். அன்றிலிருந்து அப்படியே ஓடுகிறார்கள் என்று முடிக்கிறார் அவர் வரலாற்றை எழுதிய சூட்டோனியஸ். கேட்டது காசு, பெயர் செருப்பு. நம் ஊரில் "டீக்காசு கொடுங்க" என்று கேட்பவருக்கு யாரும் டீயை ஊற்றிக் கொடுப்பதில்லையே, அது போலத்தான்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த சொல் காங்கியாரியம். காங்கியஸ் என்பது மூன்றேகால் லிட்டர் கொள்ளும் ஒரு அளவை. எண்ணெயோ திராட்சை மதுவோ அந்த அளவையால் மக்களுக்கு அளந்து கொடுத்தது காங்கியாரியம். பேரரசர்கள் காலத்தில் அதே பெயரில் காசை வாரி வழங்கினார்கள். அளவை மறைந்து பெயர் நின்றது. இதைப் புரிந்துகொள்ள நமக்கு உரை தேவையே இல்லை. பயணப்படி, பஞ்சப்படி, அகவிலைப்படி என்று அரசு ஊழியர்கள் மாதாமாதம் வாங்குகிறார்களே, அந்தப் 'படி' எது? நாழி, படி, மரக்கால் என்று தானியம் அளந்த படிதான். அகவிலைப்படி உயர்ந்தது என்று செய்தி வந்தால் யாரும் கோணிப்பையோடு கருவூலத்துக்குப் போவதில்லை.

ஆகவே சலாரியமும் ஒரு காலத்தில் 'உப்புப்படி' என்ற பொருளில் புழங்கியிருக்கலாம் என்பதே என் கருத்து. உப்பைப் பற்றிய பெயர், காசைப் பற்றிய பொருள். சலாரியச் சாலையைக் காவல் காத்த வீரர்களுக்குக் கொடுத்த கூலி என்று வேறொரு விளக்கமும் உலவுகிறது. அதற்கு ஆதாரம் என்று யாரும் எதையும் காட்டியதில்லை.

சரி, படைவீரர்கள் உண்மையில் என்ன வாங்கினார்கள்? அவர்கள் ஊதியத்துக்குப் பெயர் ஸ்டிபெண்டியம். ஆங்கிலத்தில் ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கொடுக்கும் ஸ்டைபெண்ட் இதிலிருந்து வந்தது. 'ஸ்டிப்ஸ்' என்றால் சிறு காசு, 'பெண்டெரே' என்றால் எடை போடுதல். காசை எடை போட்டுக் கொடுத்த காலத்துச் சொல். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்கரான பாலிபியஸ் கணக்கைத் தெளிவாகவே தருகிறார்: காலாட்படை வீரனுக்கு நாளொன்றுக்கு 2 ஓபல், நூற்றுவர் தலைவனுக்கு 4, குதிரை வீரனுக்கு ஒரு திராக்மா (ஆறு ஓபல் சேர்ந்த கிரேக்க வெள்ளிக்காசு). தானியத்துக்கும் உடைக்கும் கூடுதல் ஆயுதத்துக்கும் உரிய விலையைக் கருவூல அதிகாரி அதிலிருந்தே பிடித்துக்கொள்வார். முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் படையணி வீரனுக்கு ஆண்டுக்கு 225 தினாரியஸ் என்ற வெள்ளிக்காசு, மூன்று தவணையாக. பின்னால் வந்த பேரரசர் டொமிஷியன் அதை 300 ஆக்கினார். எங்கும் வெள்ளிக் கணக்குதான்.

இதற்கு ஒரு சம்பளச் சீட்டே நம்மிடம் இருக்கிறது. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் ஏடு அது, இப்போது ஜெனிவாவில் இருக்கிறது. கி.பி. 81ஆம் ஆண்டுக் கணக்கு. குயின்டஸ் ஜூலியஸ் புரோக்குலஸ் என்ற வீரனின் முதல் தவணை: வரவு 248 திராக்மா. பிடித்தம்: வைக்கோலுக்கு 10, சாப்பாட்டுக்கு 80, செருப்புக்கும் கால்வாருக்கும் 12, பாசறையில் நடந்த சாட்டர்னேலியா விழாவுக்கு 20, உடைக்கு 60. ஆகப் பிடித்தம் 182. மீதம் 66 திராக்மாவை வரவு வைத்தார்கள். முன்பே கையிருப்பு 136. மொத்தம் 202.

முதன்முதலில் இதைப் படித்தபோது நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம்மிடம் சாப்பாட்டுப் பிடித்தம், தீபாவளிச் சீட்டுப் பிடித்தம் போக மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் ஒரு தொழிலாளியின் தாள் மாதிரியே இருக்கிறது. ஊரைவிட்டு வந்து எகிப்தில் காவல் நின்ற அந்த மனிதன் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பிடித்தத்திலேயே இழந்திருக்கிறான். சீட்டில் உப்பு என்று ஒரு வரி இல்லை. உப்பு அந்த 80 திராக்மா சாப்பாட்டுக்குள் அடங்கியிருக்கும். அதாவது உப்பு அவனுக்கு வந்த கூலியில் சேரவில்லை, அவன் கூலியிலிருந்து போன செலவில் சேர்ந்திருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். வைக்கோல் பிடித்தத்துக்கு அந்த ஏட்டில் எழுதியிருக்கும் சொல் 'ஃபைனாரியா'. செருப்புக்காசு, ஆணிக்காசு வரிசையில் வரும் அதே விகுதிதான்.

அப்படியானால் சலாரியம் வாங்கியவர்கள் யார்? பெரிய மனிதர்கள். பிரிட்டனை ஆளுநராக ஆண்டு முடித்த அக்ரிகோலாவுக்கு, அடுத்து இன்னொரு மாகாண ஆளுநர் பதவி வரவேண்டிய முறை வந்தது. டொமிஷியனின் மனம் அறிந்து அவரே வேண்டாம் என்று விலகிக்கொண்டார். அப்படி விலகுபவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் சலாரியத்தைக்கூட டொமிஷியன் அவருக்குக் கொடுக்கவில்லை என்று மனம் நொந்து எழுதுகிறார் டாசிட்டஸ். அக்ரிகோலா அவருக்கு மாமனார். நொடித்துப்போன உயர்குடி செனட்டர்களுக்கு நீரோ ஆண்டு சலாரியம் ஏற்படுத்தினார், சிலருக்கு 5 லட்சம் செஸ்டர்ஸ் என்ற ரோமானியக் காசு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் மக்ரினஸ், ஒருவருக்கு ஆளுநர் பதவியை மறுத்துவிட்டு அதற்கு ஈடாக 10 லட்சம் செஸ்டர்ஸ் தரப்பார்த்தார். தனக்கு வேண்டியது பணமல்ல, பதவி என்று அவர் மறுத்துவிட்டார். இந்தத் தொகைகளுக்கு உப்பு கொடுப்பதென்றால் ஆஸ்டியா உப்பளம் முழுவதையும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

எனக்கு எல்லாவற்றையும்விட அழுத்தமான சான்றாகத் தோன்றுவது சூட்டோனியஸின் ஒரு சின்ன வரி. பேரரசர் டைபீரியஸ் தன்னோடு பயணத்துக்கும் படையெடுப்புக்கும் வந்த தோழர்களை ஒருபோதும் சலாரியம் கொடுத்து வைத்துக்கொண்டதில்லை, சாப்பாட்டை மட்டும் போட்டு வைத்துக்கொண்டார் என்கிறார். ஒரு பக்கம் சலாரியம், மறு பக்கம் சாப்பாடு. இரண்டையும் எதிரெதிராக நிறுத்துகிறார். சலாரியம் என்பதைக் கேட்டதும் ரோமானியக் காதில் உப்புச் சுவை தட்டியிருந்தால் இந்த வாக்கியத்துக்கு அர்த்தமே இருக்காது. அவர்கள் காலத்திலேயே அந்தச் சொல்லில் உப்பு கரைந்துபோய்விட்டது.

உப்பு அந்தக் காலத்தில் தங்கத்துக்குச் சமம் என்று அடுத்த வாதம் வரும். மத்தியதரைக் கடலோரத்தில் அப்படி இருக்கவில்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் ரோமானிய அரசியல்வாதி கேட்டோ தன் வேளாண்மை நூலில் பண்ணையாளுக்கு ஆண்டுக்கு ஒரு மோடியஸ் உப்பு போதும் என்று கணக்குச் சொல்கிறார். அதற்கு மேல் கிடைத்தால் ஒரு வீரன் என்ன செய்வான்? பாசறையில் எல்லோர் கையிலும் உப்பு என்றால் யாரிடம் விற்பான்? விலையும் ஏறிவிடாமல் அரசு பார்த்துக்கொண்டது. குடியரசின் தொடக்க ஆண்டுகளிலேயே, விலையைக் கண்டபடி ஏற்றுகிறார்கள் என்று உப்பு விற்பனையைத் தனியாரிடமிருந்து அரசு எடுத்துக்கொண்டதாக லிவி எழுதுகிறார். கி.மு. 204இல் ரோமில் உப்பு விலை ஒரு செக்ஸ்டான்ஸ், சின்னச் செப்புக்காசு. அந்த ஆண்டு ரோமுக்கு வெளியே உப்பு விலையை ஏற்றிய அதிகாரி லிவியஸுக்கு மக்கள் 'சலினேட்டர்', உப்புக்காரன், என்று பட்டம் கட்டினார்கள். அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. உப்பு எல்லோருக்கும் வேண்டிய பொருள் என்பதால்தான் இத்தனை கோபம். அரிதான பொருள் என்பதால் அல்ல.

கி.பி. 301இல் டயோக்ளீஷியன் பேரரசு முழுவதற்கும் உச்ச விலைப் பட்டியல் ஒன்றைக் கல்லில் வெட்டி வைத்தார். அதில் ஒரு படைமோடியஸ் (படையில் புழங்கிய பெரிய மோடியஸ்) கோதுமை 100 தினாரியஸ். ஒரு படைமோடியஸ் உப்பும் 100 தினாரியஸ். தானியமும் உப்பும் ஒரே விலை, அளவுக்கு அளவு.

இந்த இடத்தில் தமிழ் படித்தவர்களுக்கு ஒரு குரல் காதில் விழாமல் இருக்காது. அகநானூற்றின் 140ஆம் பாட்டில் அம்மூவனார் ஓர் உப்பு வணிகர் மகளைக் காட்டுகிறார். கையில் சில வளையல்கள் ஒலிக்க வீசி நடந்து, "நெல்லின் நேரே வெண்கல் உப்பு" என்று தெருவில் விலை கூறிக்கொண்டு போகிறாள். பழக்கமில்லாத குரலைக் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது. அவள் மிரள்கிறாள். 390ஆம் பாட்டிலும் இதே கூவல்: "நெல்லும் உப்பும் நேரே, ஊரீர் கொள்ளீரோ". நெல் ஒரு படி என்றால் உப்பும் ஒரு படி. ரோமில் கோதுமைக்கும் உப்புக்கும் இருந்த சமன் இங்கே நெல்லுக்கும் உப்புக்கும் இருந்திருக்கிறது. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தது என்று நான் சொல்லவில்லை. கடலும் வெயிலும் தாராளமாக இருக்கும் நாடுகளில் உப்பு தங்கமாகாது, தானியத்தோடு தோள் சேர்ந்துதான் நிற்கும்.

உப்புக் கதையின் வால் இன்னும் நீளம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோல்ஜர் என்ற ஆங்கிலச் சொல் லத்தீனில் 'உப்பு கொடு' என்பதிலிருந்து வந்தது என்றும் பரப்புகிறார்கள். அது தவறு. பேரரசர் கான்ஸ்டன்டைன் வெளியிட்ட தங்க நாணயம் சாலிடஸ், ஒரு ரோமன் பவுண்டுத் தங்கத்தில் 72 அடித்தார்கள். அதிலிருந்து பழைய பிரெஞ்சில் கூலி என்ற பொருளில் ஒரு சொல் வந்து, கூலிக்குப் போர் செய்பவன் சோல்ஜர் ஆனான். சாலட், சாஸ், சாசேஜ், இவை மூன்றும் உண்மையிலேயே உப்பிட்டவை, மூன்றுக்கும் லத்தீன் உப்புதான் வேர். ஒருவரை அவர் தின்னும் உப்புக்குத் தகுதியானவர் என்று ஆங்கிலத்தில் பாராட்டுவது 19ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் வருகிறது. ரோமோடு அதற்குச் சம்பந்தமில்லை. சோறு போட்டவனுக்கு நன்றியாக இருப்பதை உப்பைச் சொல்லிக் குறிப்பது பல நாட்டு வழக்கம். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று நாம் சொல்வதும் அந்த வழக்கம்தான். அதில் உப்பு சோற்றுக்கு அடையாளம். கூலிக்கு அல்ல.

இப்போது நம் சம்பளம். சம்பா நெல்லும் அளமும் சேர்ந்தது சம்பளம் என்ற விளக்கத்தைச் சொன்னவர்களில் பெரிய தமிழறிஞர்களும் உண்டு. அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு. வேலைக்கு நெல்லளந்து கொடுத்த நாடு இது, உப்பும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள், அதுவும் சரி. ஆனாலும் இந்தப் பிரிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. அளம் என்றால் முதலில் உப்பு விளையும் நிலம். உப்பளம் என்று நாம் சொல்லும்போது அந்தப் பொருள்தான் வருகிறது. உழைத்தவனுக்கு உப்பைக் கொடுப்பார்கள், உப்பு வயலையா கொடுப்பார்கள்? கூலியைக் குறிக்க இந்த மண்ணில் பழைய சொல் கூலிதான். "முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" என்று வள்ளுவர் ஆண்ட சொல் அது. ஊதியம் அவர் வாயில் வேறு பொருளில் வருகிறது. "ஊதியம் இல்லை உயிர்க்கு" என்னும்போது அது ஆதாயம். மாதாமாதம் வங்கியில் ஏறும் தொகையாக அது மாறியது வெகு பின்னால்.

சம்பளம் தமிழில் மட்டும் இருக்கும் சொல்லும் அல்ல. மலையாளத்தில் இதே பொருளில் சம்பளம் உண்டு, கன்னடத்தில் சம்பள உண்டு. சமஸ்கிருதத்தில் சம்பலம் என்று ஒரு சொல் இருக்கிறது. அதன் பொருள் வழிநடைக்குக் கட்டிக்கொண்டு போகும் உணவு, நம் கட்டுச்சோறு. சம்பளத்தை இந்தச் சொல்லோடு சேர்த்துப் பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. வழிச்சோறு வழிச்செலவாகி, வழிச்செலவு கூலியாவது மொழிகளில் நடக்கக்கூடிய நகர்வுதான். படி என்ற சொல்லும் தானியத்திலிருந்து காசுக்கு வந்ததைத்தான் மேலே பார்த்தோமே.

இது சரியென்றால், டைபீரியஸ் தன்னோடு பயணம் வந்தவர்களுக்குக் கொடுத்தது சம்பளம். கொடுக்க மறுத்தது சேலரி.